பழுது பார்த்த கை

போல்ட்டின் விட்டம் இருக்க வேண்டியதைவிட 0.026 அங்குலம் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். விரல் இதை அறியாது, மங்கிய வெளிச்சத்தில் கண்ணும் அறியாது. 1990 ஜூன் 10 அன்று காலை பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், விமானி அறையின் இடதுபக்க முன்கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 இப்படிச் சிறுத்தவை. மீதி ஆறும் விட்டத்தில் சரி, நீளத்தில் 0.1 அங்குலம் குறைவு. 17,300 அடி உயரத்தில் உள்ளிருந்த காற்றழுத்தம் கண்ணாடியை வெளியே தள்ளிவிட்டது. கேப்டனின் உடல் பாதிக்குமேல் ஜன்னல் வழியே இழுபட்டு வெளியே கிடக்க, விமானப் பணியாளர்கள் அவர் கால்களை விடாமல் பிடித்திருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் தரையிறக்கினார். 87 பேரும் பிழைத்தார்கள். கேப்டன் சில மாதங்களில் மறுபடியும் விமானம் ஓட்டப் போனார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கால்களைப் பிடித்த கைகளிடம் நின்றுவிடுகிறார்கள். நியாயம்தான். நெடுநாளாக என்னை விடாதிருப்பது முந்தைய நாள் விடியற்காலையில் அந்தக் கண்ணாடியைப் பொருத்திய கை. சோம்பேறியின் கையாகவோ குடிகாரனின் கையாகவோ அது இருந்திருந்தால் விபத்து விசாரணை அறிக்கையை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். அது பல ஆண்டுகள் அனுபவமுள்ள, உடன் வேலை செய்தவர்களால் மதிக்கப்பட்ட ஒரு ஷிப்ட் மேலாளரின் கை.

இரவு ஷிப்டில் ஆள் குறைவாக இருந்ததால் கண்ணாடி மாற்றும் வேலையை அவர் தானே எடுத்துக்கொண்டார். மணி மூன்றிலிருந்து ஐந்துக்குள். எவ்வளவு பழகியிருந்தாலும் உடம்பு உறக்கத்தைக் கேட்கிற நேரம். கழற்றிய பழைய போல்ட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அது 7டி என்ற வகை. ஸ்டோரில் இருந்தவர், அந்தக் கண்ணாடிக்கு 8டி அல்லவா போடுவார்கள் என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் கழற்றியது 7டி, ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கிறது, அதையே போடலாம் என்று மேலாளர் முடிவு செய்தார். அங்கே 7டி போதுமான அளவு இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு, விமான நிலையத்தின் வேறொரு பகுதியில் ஆளில்லாமல் இருந்த உதிரிபாகச் சுழல் அடுக்குக்குப் போனார். அங்கே விளக்கு மங்கல், அடுக்கின் முன் நின்றால் தன் உடம்பே இருக்கிற வெளிச்சத்தையும் மறைக்கும். வாசிப்பதற்கான மூக்குக்கண்ணாடியை அவர் அன்று போட்டிருக்கவில்லை. கையிலிருந்த போல்ட்டை அறைகளில் கிடந்தவற்றோடு சேர்த்துப் பார்த்து, தடவிப் பார்த்து, ஒத்து வந்ததாகத் தோன்றியதை எடுத்துக்கொண்டார். நம் ஊர் இரும்புக்கடையில் பழைய திருகை மேசைமேல் வைத்து, இதே மாதிரி கொடுங்கள் என்று கேட்போமே, அப்படித்தான். கிடைத்தவை 8சி. மரையின் நெருக்கம் ஒன்றே, விட்டம் மட்டும் குறைவு. அதனால் நட்டுக்குள் போகும், சுழலும், பிடித்துக்கொண்டது போலவே இருக்கும். குறித்த விசை வந்ததும் விடுபடுகிற திருப்புளியால்தான் அவர் முடுக்கினார். மரை வழுக்கும்போதும் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதே உணர்வு. விமானத்தின் மூக்கருகே வாகாக அமையாத மேடையிலிருந்து எட்டிச் சாய்ந்து வேலை செய்ததால், போல்ட்டின் தலை குழிக்குள் வழக்கத்தைவிட ஆழமாக அமிழ்ந்து நிற்பதை நேராகப் பார்க்க முடியவில்லை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக, பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒவ்வொன்றும் அந்த இரவில் பிழைக்குத் துணை நின்றது.

அவர் ஏன் உதிரிபாகப் பட்டியலைப் புரட்டவில்லை என்ற கேள்வி சுலபமாக வந்துவிடும். எனக்கும் முதலில் அதுதான் வந்தது. புரட்டியிருந்தால் சில நிமிடங்களில் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அறிக்கையின் உள்ளே போகப் போக அது வேறு கேள்விகளாக உடைகிறது. பழைய போல்ட்டுகளே தப்பான அளவு. முன்பு யாரோ ஒருவர் குட்டையானவற்றைப் போட்டிருக்கிறார், அவை தாங்கியிருக்கின்றன. தாங்கியதனாலேயே அவை சரியானவை ஆகிவிட்டன. அந்த நேரத்தில் அந்த ஹேங்கரில் மேலாளருக்கு மேலே ஆளில்லை. முன்கண்ணாடி பொருத்துவது, இன்னொருவர் மறுபடி சோதித்துக் கையெழுத்திட வேண்டிய முக்கிய வேலைகளின் பட்டியலில் இல்லை. ஷிப்ட் மேலாளர்கள் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை மேலிருந்த நிர்வாகம் நேரில் பார்த்ததே இல்லை. வேலை முடிகிறதா, விமானம் காலையில் தயாரா என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஸ்டோர்க்காரர். அவர் சொன்னது மட்டும் காதில் ஏறியிருந்தால் அடுத்தது எதுவும் நடந்திருக்காது. லைசென்ஸ் வாங்கிய ஷிப்ட் மேலாளரின் முடிவுக்கு எதிரே, போல்ட்டுகளை எடுத்துக்கொடுக்கிறவரின் சொல்லுக்கு எந்த அலுவலகத்திலும் எவ்வளவு எடை இருக்கும்? தினமும் அந்தப் பெட்டிகளைத் திறந்து மூடுகிறவர் அவர். எந்த விமானத்துக்கு எது போகிறது என்பது அவர் கைக்கே தெரியும். இந்தத் தெரிதலுக்கு நிறுவனங்களில் பதவிப்பெயர் கிடையாது. அவர் ஒருமுறை சொன்னார். இரண்டாம் முறை சொல்லும் துணிவை அவருக்கு யார் கொடுத்திருக்க வேண்டும் என்று யோசிக்கிறேன்.

என் சங்கடம் இங்கேதான் பிடிபடுகிறது. அன்றிரவு அந்த மேலாளர் செய்தவற்றைத் தனித்தனியாக எடுத்து வேறொரு நாளில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை பாராட்டுக்குரியவை. ஆள் குறைவு என்று கைகழுவவில்லை, தானே இறங்கினார். பாகம் இல்லை என்று வேலையைப் பகல் ஷிப்டுக்குத் தள்ளவில்லை, தேடிப் போய்க் கொண்டுவந்தார். எப்படியாவது முடித்துவிடுகிற இந்தக் குணத்தால்தான் விமான நிறுவனங்கள் மட்டுமல்ல, ஆஸ்பத்திரிகளும் மின்வாரியங்களும் ரயில்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிறுவனம் இந்தக் குணத்தை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆட்களைக் குறைத்துவிட்டு, நேரத்தைக் குறைத்துவிட்டு, காலை அட்டவணையை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கும். இடையிலுள்ள பள்ளத்தை யாரோ ஒருவருடைய நல்ல மனம் நிரப்பிக்கொள்ளும். அது நிரப்புகிறவரை நிர்வாகம் அதைத் திறமை என்று அழைக்கிறது. ஒருநாள் நிரப்பாமல் போனால் விதிமீறல் என்று அழைக்கிறது. செய்தவன் இரண்டு நாளும் ஒரே வேலையைத்தான் செய்திருப்பான்.

பல தொழில்களில் பிழை செய்தவனின் கண் முன்னாலேயே அது வெளிப்பட்டுவிடும். விமானப் பராமரிப்பில் பிழை உறங்கும். பர்மிங்ஹாமில் அது 27 மணி நேரம் உறங்கியது. ஜப்பானில் ஏழு ஆண்டுகள். 1978 ஜூனில் ஒசாகாவின் இட்டாமி விமான நிலையத்தில் இறங்கும்போது ஒரு போயிங் 747இன் வால் தரையில் உரசியது. பின்பக்கக் காற்றழுத்தச் சுவரைச் சரிசெய்ய வந்தது விமானத்தைச் செய்த போயிங் கம்பெனியின் குழு. வரைபடம் சரியாகத்தான் சொன்னது: இரண்டு பகுதிகளையும் இணைக்கும் தகடு ஒன்றாக, தொடர்ச்சியாக இருக்க வேண்டும். வேலை நடந்த இடத்தில் தகடு இரண்டு துண்டாக வைக்கப்பட்டது. இரண்டு வரிசை ரிவெட்டுகள் சுமக்க வேண்டிய பாரத்தை ஒரே வரிசை சுமந்தது. அதன்பின் அந்த விமானம் பன்னிரண்டாயிரம் முறைக்கு மேல் பறந்து இறங்கியது. ஒவ்வொரு பயணமும் அந்த இணைப்பு சரி என்று சாட்சி சொன்னது, கூடவே அந்த ஒற்றை வரிசை ரிவெட்டுத் துளைகளில் ஒரு மயிரளவு விரிசலையும் வளர்த்தது. 1985 ஆகஸ்ட் 12 மாலை சுவர் உடைந்து, வால் பெரும்பகுதி பிய்ந்து, கட்டுப்பாடு முழுவதும் போனபின்னும் அரைமணி நேரத்துக்கு மேல் வானத்தில் அலைந்து, விமானம் குன்மாவின் மலைமுகட்டில் மோதியது. 520 பேர் இறந்தார்கள், நால்வர் பிழைத்தார்கள். அந்தச் சுவரின் துண்டுகளை ஜப்பான் ஏர்லைன்ஸ் ஹனேடா விமான நிலையத்தருகே 2006இல் திறந்த தன் பாதுகாப்பு மையத்தில் வைத்திருக்கிறது. புகைப்படங்களில் அதைப் பார்க்கும்போது ரிவெட் வரிசைகளில் எது தப்பு என்று யாராவது விரல் வைத்துக் காட்டினாலொழிய தெரியாது. அதே மையத்தில், அந்த அரைமணி நேரத்தில் பயணிகள் வீட்டாருக்குக் கிறுக்கிய கடைசி வரிகளும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்ததற்காக அந்த நிறுவனத்தை நான் மதிக்கிறேன்.

மனிதப் பிழையைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த மான்செஸ்டர் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். ஒரு போல்ட்டில் எட்டு நட்டுகள் மாட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்ற ஒரே வழிதான். அதே வரிசையில் திரும்ப மாட்ட வேண்டுமென்றால், சாத்தியமான வரிசைகள் 40,320, அவற்றில் ஒன்றுதான் சரி. கழற்றும்போது பொருளே வழிகாட்டுகிறது, பூட்டும்போது நினைவும் காகிதமும்தான். பராமரிப்பு என்பது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பதைத் திறந்து பார்த்து மூடும் வேலை என்பதால், பாதுகாப்புக்காக நாம் செய்கிற ஒவ்வொரு சோதனையும் ஒரு புதிய ஆபத்தையும் உள்ளே அனுப்புகிறது. 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து நசாவுக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தின் மூன்று என்ஜின்களும் கடலுக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெய் இழந்தன. காரணம், என்ஜின் தேய்மானத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்காக எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் காந்தத் துண்டுகளை முந்தைய இரவு மாற்றியிருந்தார்கள். அவற்றில் ரப்பர் வளையம் இல்லை. மெக்கானிக்குகளுக்கு எப்போதும் ஃபோர்மன் அறையிலிருந்து வளையம் மாட்டிய நிலையிலேயே அவை கிடைத்துவந்தன. அன்று அந்த அறையில் இல்லை, ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். புதிய வளையம் போட வேண்டும் என்று வேலைச் சீட்டில் அச்சிட்டிருந்த வரிக்கு நேரே கையெழுத்தும் போட்டார்கள். அது பொய்க் கையெழுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ இரவுகள் அந்த வரி தன்னால் உண்மையாக இருந்துவந்தது, அந்த ஒரு இரவில் இருக்கவில்லை. முதலில் அணைத்த என்ஜினைத் திரும்ப உயிர்ப்பித்து, அதைக் கொண்டே மயாமிக்குத் திரும்பி வந்து இறங்கினார்கள், யாரும் சாகவில்லை. அதே நிறுவனத்தில் அதற்கு முன்பே இதே பாகத்தால் பல முறை எண்ணெய் கசிந்திருக்கிறது என்று விசாரணையில் வந்தது. மெக்கானிக்குகளைக் கண்டித்திருந்தார்கள். பாகம் அவர்கள் கைக்கு எந்த வழியாக வருகிறது என்பதை யாரும் மாற்றவில்லை.

டெக்சாஸில் 1991 செப்டம்பர் 10 இரவு நடந்ததை நினைக்கும்போது எனக்கு அந்த ஹேங்கரின் உயரம்தான் கண்ணில் வருகிறது. கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் எம்ப்ரேயர் பிரேசிலியா விமானத்தின் வால், ‘டி’ எழுத்துப் போல உச்சியில் குறுக்கே இறக்கை வைத்தது. தரையிலிருந்து பார்த்தால் அதன் மேற்புறம் தெரியாது. பனிக்கட்டி படியாமல் தடுக்கும் ரப்பர் உறைகளை மாற்றுவதற்காக மாலை ஷிப்ட் ஆட்கள் மேலே ஏறினார்கள். ஆளுக்கு ஆள் உதவி என்று பரிசோதகரும் கூட ஏறி, இடதுபக்கத்தின் மேல்வரிசையிலிருந்த 47 திருகுகளைக் கழற்றினார். ஷிப்ட் மாறியது. இரவு ஷிப்டுக்கு வலதுபக்க உறையை முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. இடதுபக்கத்தை இன்னொரு நாளைக்கு என்று விட்டார்கள், அங்கே வேலை தொடங்கவே இல்லை என்ற எண்ணத்தில். இரவு ஷிப்ட் பரிசோதகர் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். வந்தவுடன் ஷிப்ட் மாற்றக் குறிப்பேட்டைப் பார்த்தார், அந்த விமானத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மாலைப் பரிசோதகர் தன் குறிப்பை அதற்குப் பிறகுதான் எழுதினார். இந்தச் சின்ன இடைவெளி என்னை மிகவும் வருத்துகிறது. சீக்கிரம் வந்தது பொறுப்புணர்ச்சி, வந்ததும் குறிப்பைப் பார்த்ததும் பொறுப்புணர்ச்சி. காலையில் விமானம் லாரிடோவுக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி ஹூஸ்டனுக்கு வரும் வழியில், ஈகிள் லேக் என்ற ஊருக்கருகே, இறங்கத் தொடங்கி வேகம் கூடியபோது இடப்பக்க வால் இறக்கையின் முன்விளிம்பு பிய்ந்து போனது. 14 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பராமரிப்பு ஆட்களும் பரிசோதகர்களும் உரிய நடைமுறைகளைப் பின்பற்றாததே காரணம் என்று முடிவு செய்தது. உறுப்பினர்களில் ஒருவரான ஜான் லாபர் மட்டும் உடன்படவில்லை. அடிப்படையில் உளவியலாளர் அவர். விமானி அறையில் அதிகாரப் படிநிலை எப்படிப் பேச்சைத் தடுக்கிறது என்று நாசாவில் ஆராய்ந்தவர். நடைமுறைகளை மதித்து நடக்கும்படியான சூழலை நிறுவனத்தின் நிர்வாகம் உருவாக்கத் தவறியதும், அதை நிலைநிறுத்தத் தவறியதும் காரணங்களில் எழுதப்பட வேண்டும் என்று தன் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். அவர் கண்ணில் பட்டது இது: அந்த இரவில் பிசகியவர் ஒருவர் அல்ல. மெக்கானிக்குகள், சூப்பர்வைசர்கள், பரிசோதகர்கள் என்று பலர், இரண்டு ஷிப்டுகளிலும், ஒரே விதமாக வேலைச் சீட்டைத் தவிர்த்தும் வாய்ச்சொல்லை நம்பியும் நடந்திருக்கிறார்கள். பலர் ஒரே மாதிரி நடந்தால் அதை அவரவர் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது? அந்த இடம் அவர்களுக்கு அப்படி நடக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வேலைக்கு வந்த முதல் மாதத்தில் புதியவன் ஒருவன் சீட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக எழுதத் தொடங்கியிருப்பான். மூத்தவர்கள் அவனை மெதுவானவன் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாம் மாதத்தில் அவன் வேகமாகியிருப்பான்.

லாபர் பக்கம்தான் நான். இருந்தாலும் அங்கே நிம்மதியாக நிற்க முடியவில்லை. நிறுவனச் சூழல்தான் காரணம் என்று சொல்லத் தொடங்கினால், அந்தச் சூழல் எங்கே வசிக்கிறது, யாரை நிறுத்திக் கேட்பது? ஓர் இரவுக்கு எத்தனை ஆள் போதும் என்று ஏதோ ஒரு கூட்டத்தில் முடிவானது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் திருகைத் தொட்டதில்லை, அதனால் தங்கள் கை சுத்தமானது என்று அவர்கள் மெய்யாகவே நம்பக்கூடும். இன்னொரு பக்கம், மெக்கானிக்கை முழுவதுமாக விடுவித்துவிடுவதும் அவனை அவமதிப்பது என்றே தோன்றுகிறது. நல்ல தொழிலாளிக்குத் தன் கை செய்தது தன்னுடையது. போல்ட் சரியாக உட்கார்ந்தபோது அந்தப் பெருமை அவனுக்குச் சொந்தம் என்றால், உட்காராதபோது அந்தத் துக்கமும் அவனுக்குச் சொந்தம். நீ வெறும் கருவி, உன்னைச் சூழல் இயக்கியது என்று அவனிடம் போய்ச் சொல்ல யாருக்கு மனம் வரும்? பர்மிங்ஹாம் மேலாளரிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கையின் பொறுப்பைக் குறைக்காமலே மேலே இருப்பவர்களின் பொறுப்பைக் கூட்ட ஒரு வழி வேண்டும். குற்றம் என்பது மொத்தம் ஒரு படி, அதை இவருக்கு இவ்வளவு அவருக்கு அவ்வளவு என்று பிரிக்க வேண்டும் என்ற எண்ணத்திலேயே கோளாறு இருக்கிறதோ என்று சில நேரம் சந்தேகிக்கிறேன். ஆளாளுக்கு முழுமையாகவே இருக்கலாம்.

யாருமே விதியை மீறாமல் விபத்து நெருங்கி வருவதும் உண்டு. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தருகிறது. 2000 ஜனவரி 31 அன்று கலிஃபோர்னியாவின் அனகாபா தீவருகே கடலில் தலைகுப்புற விழுந்து 88 பேரைக் கொண்டுபோன அலாஸ்கா ஏர்லைன்ஸ் எம்.டி-83 விமானத்தில், வாலின் கிடைமட்ட இறக்கையை ஏற்றி இறக்கும் நீண்ட இரும்புத் திருகும் அதைச் சுற்றிய வெண்கல நட்டும் இருந்தன. அந்த நட்டின் மரைக்கு மாற்று எதுவும் கிடையாது, அது போனால் எல்லாம் போனது. ஆரம்பத்தில் இந்த அமைப்பை வடிவமைத்தவர்கள் 300 முதல் 350 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை கிரீஸ் இடச் சொன்னார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. 1996இல் அந்த நிறுவனத்தில் அது எட்டு மாதம் ஆனது, அதாவது ஏறத்தாழ 2,550 மணி நேரம். மரைத் தேய்மானத்தை அளக்கும் சோதனை 1985இல் 5,000 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றிருந்தது 30 மாதம் ஆனது, ஏறத்தாழ 9,550 மணி நேரம். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் முன்னதைவிடக் கொஞ்சம்தானே என்ற நியாயம் இருந்தது, அரசின் விமானத் துறையின் அனுமதியும் இருந்தது. அத்தனை நீட்டிப்பையும் ஒரே நாளில், ஒரே கடிதத்தில் கேட்டிருந்தால் யாராவது திடுக்கிட்டிருப்பார்கள். வாலின் உச்சியில் சின்னத் திறப்பு வழியே கையை நுழைத்துச் செய்கிற அந்த கிரீஸ் வேலை ஒரு மணி நேரம் எடுக்கும் என்று கடைசியாக அதைச் செய்த மெக்கானிக் விசாரணையில் சொன்னார். முறையாகச் செய்தால் நான்கு மணி நேரம் ஆகும் என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். மூன்று மணி நேரம் எங்கே போனது என்று அந்த மனிதரை மட்டும் கேட்டு என்ன பயன்? கடலடியிலிருந்து எடுத்த திருகில், தேய வேண்டிய பகுதியில் பலனுள்ள கிரீஸ் என்று எதுவும் இல்லை. பிய்ந்த வெண்கல மரை சுருள் சுருளாக இரும்பைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அதே விமானத்தை 1997 செப்டம்பரில் ஓக்லண்டில் பெரிய சோதனைக்கு நிறுத்தியிருந்தபோது மரையின் ஆட்டம் 0.040 அங்குலம் என்று அளந்தார்கள். அனுமதிக்கப்பட்ட எல்லையே அதுதான், எல்லையைத் தாண்டவில்லை. நட்டை மாற்று என்று சீட்டில் ஒருவர் எழுதினார். பின்னால் வந்த ஷிப்டில் அந்த வரி அடிக்கப்பட்டு, மறுபடி அளக்கும்படி எழுதப்பட்டது. ஐந்து முறை அளந்தார்கள், 0.033 வந்தது, விமானம் சேவைக்குப் போனது. அளக்கப் பயன்படுத்திய கருவி அந்த நிறுவனமே தன் பட்டறையில் செய்துகொண்டது, தயாரிப்பாளர் சொன்ன அளவுகளுக்கு முழுக்கப் பொருந்தாதது என்று பின்னர் தெரிந்தது. மாற்றச் சொன்னவரை வீரராகவும் மறுபடி அளந்தவர்களை வில்லன்களாகவும் வைத்து இதைச் சொல்வது எளிது. எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. ஐந்து முறை அளந்தவர்கள் அலட்சியக்காரர்களா? புதிய நட்டே போட்டிருந்தாலும் கிரீஸ் காணாத மரை தேய்ந்துதான் போயிருக்கும், நாள்தான் தள்ளிப்போயிருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். ‘மாற்று’ என்று எழுதியதை மறுபடி சரிபார்க்க அந்த இடத்தில் வழி இருந்தது. ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதியதை மறுபடி சரிபார்க்க அதே அளவு வழி இருந்ததா? நிறுத்தச் சொல்கிற குரலுக்கு ஆதாரம் கேட்கிறோம், ஓடட்டும் என்கிற குரலுக்குக் கேட்பதில்லை. இது விமான ஹேங்கர்களின் வழக்கம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

விழுந்த பிறகு தண்டனை கீழ்நோக்கியே பாய்கிறது. 1996 அக்டோபரில் லிமாவிலிருந்து இரவில் கிளம்பிய ஏரோபெரு விமானம் தன் உயரத்தையும் வேகத்தையும் அறியாமல் பசிபிக் கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கழுவும்போது காற்றழுத்தத்தை உணரும் துளைகளை மூடி ஒட்டிய வெள்ளிநிற டேப்பை எடுக்க மறந்திருந்தார்கள். பளிச்சென்று தெரியும் நிறத்தில் டேப் ஒட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வெள்ளிநிற உலோக உடம்பில் வெள்ளிநிற டேப் யார் கண்ணிலும் படவில்லை, மேற்பார்வையாளர் கண்ணிலும், புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டியவர்களின் கண்ணிலும். நீதிமன்றத்தில் குற்றவாளி ஆனவர் அந்த டேப்பை ஒட்டிய தொழிலாளி. நீதிமன்றத்துக்குக் கை தேவைப்படுகிறது, கூட்டத்தில் எடுத்த முடிவுக்குக் கைரேகை கிடையாது.

2003 ஜனவரி 8 அன்று வட கரோலினாவின் சார்லட்டில் ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று ஓடுதளத்திலிருந்து எழும்பி மூக்கை மேலே தூக்கிக்கொண்டே போய் விழுந்தது. 21 பேர். மூக்கைக் கீழே கொண்டுவரும் எலிவேட்டரின் கேபிள்களை இரண்டு நாள் முன்னால் ஹண்டிங்டனில் இரவு வேலையில் தப்பாக முடுக்கியிருந்தார்கள். முழுப் பாரமும் பின்பாரமும் சேர்ந்த நாளில் விமானிகளுக்கு வேண்டிய அளவு அது கீழே வரவில்லை. கேபிளைச் சரிசெய்தவர் அந்த வகை விமானத்தில் அந்த வேலையை முதல் முறையாகச் செய்கிறார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே அதைப் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டியவரும். சில படிகள் தேவையில்லை என்று இருவரும் விட்டுவிட்டார்கள். விமான நிறுவனம் பராமரிப்பை இன்னொரு கம்பெனியிடம் கொடுத்திருந்தது, அந்தக் கம்பெனி மெக்கானிக்குகளை மூன்றாவது ஒரு கம்பெனியிடமிருந்து எடுத்திருந்தது. விமான நிறுவனத்தின் தள மேலாளர் பகலில் வேலை பார்த்தார், பராமரிப்பு இரவில் நடந்தது. மகளை இழந்த ஒரு குடும்பம் இழப்பீட்டுத் தொகையோடு முடித்துக்கொள்ள மறுத்து, பொறுப்பை வெளிப்படையாக ஏற்றுச் சொல்ல வேண்டும் என்று கேட்டது. 2005இல் நிறுவனத்தின் தலைவர் குடும்பங்களின் முன் நின்று, தன் நிறுவனமும் பராமரிப்பு ஒப்பந்தக்காரரும் பொறுப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். விமானத் துறையில் இப்படி நடப்பது மிக அரிது, அது நடந்ததற்கு அந்தக் குடும்பத்தின் பிடிவாதமே காரணம். அந்த மன்னிப்பு இன்னொரு இடத்துக்கும் போயிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். முன்பின் செய்திராத வேலையை இரவில், தன்னைச் சோதிக்க வேண்டியவரே தனக்கு ஆசிரியராக நிற்க, செய்து முடிக்க நிறுத்தப்பட்ட அந்த மெக்கானிக்கிடமும் நிறுவனம் அதே வார்த்தைகளைச் சொல்லியிருக்க வேண்டும். இதைக் கேட்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என்மீது கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு எதிரே என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அவருக்கு அது கடன்பட்டதுதான் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை.